கஞ்சா சட்டபூர்வமான இடத்தில்: எதைச் சரிபார்த்து, எப்படி வாங்குவது

கஞ்சாவுக்கு அனுமதி உண்டு என்று சொல்லப்படும் ஊர்களில் பலவற்றில் அதை விலைக்கு வாங்க முடியாது. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில் 2020 ஜனவரி 31 முதல் 18 வயது நிரம்பியவர் 50 கிராம் உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம், இரண்டு செடி வளர்க்கலாம். ஆனால் ஒரு கிராமைக்கூடக் காசு கொடுத்து வாங்க அங்கே சட்டத்தில் இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தனிப்பட்ட பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. விற்பனைக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. வாஷிங்டன் டி.சி.யில் 21 வயது நிரம்பியவர் இரண்டு அவுன்ஸ் வரை கைவசம் வைத்திருக்கலாம், ஆனால் மருத்துவ அட்டை முறைக்கு வெளியே விற்க யாருக்கும் உரிமம் கிடையாது.

எனவே "இங்கே சட்டபூர்வமா?" என்ற ஒரே கேள்வியோடு போனால் தவறான பதிலோடுதான் திரும்புவீர்கள். கேட்க வேண்டியவை ஐந்து: கைவசம் வைத்திருக்கலாமா, வாங்கலாமா, வளர்க்கலாமா, எங்கே பயன்படுத்தலாம், எங்கே கொண்டுபோகலாம். ஒன்றுக்குக் கிடைத்த "ஆம்" மற்றதற்குச் செல்லாது. நியூ ஜெர்சியில் கடையில் வாங்கலாம், வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். லக்சம்பர்க்கில் இதற்கு நேர்மாறு: 2023 ஜூலை முதல் வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம், வெளியே எடுத்துப்போனால் அபராதம்.

எந்தச் சட்டத்தைப் பார்ப்பது

ஒரே இடத்தில் பல அடுக்குச் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். தேசியச் சட்டம், மாநில அல்லது மாகாணச் சட்டம், நகராட்சி விதி, அதற்குக் கீழே வீட்டுச் சொந்தக்காரரின் ஒப்பந்தம், வேலை கொடுப்பவரின் விதி. இவற்றில் மிகக் கடுமையானது எதுவோ அதுதான் நடைமுறையில் உங்களைக் கட்டுப்படுத்தும்.

அமெரிக்காவில் இந்த முரண் பெரிது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012இல் வாக்கெடுப்பு மூலம் வயது வந்தோருக்கு அனுமதி தந்தன. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் போயின. 1970ஆம் ஆண்டின் மத்தியப் போதைப்பொருள் சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் தேசியப் பூங்கா, மத்திய அரசுக் கட்டடம், ராணுவ நிலம், மத்திய அரசு உதவிபெறும் குடியிருப்பு, தபால் இவற்றுக்குள் மாநில அனுமதி செல்லாது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்கா வாயிலைத் தாண்டியதும், கடையில் ரசீதோடு வாங்கிய பொட்டலமே மத்தியச் சட்டப்படி குற்றப் பொருளாகிவிடும்.

நகராட்சி அடுக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியாவில் பல நகரங்கள் தங்கள் எல்லைக்குள் கடைகளை அனுமதிப்பதில்லை. ஒன்டாரியோவில் கடை வேண்டுமா வேண்டாமா என்று நகரங்களே முடிவெடுக்க வாய்ப்பு தரப்பட்டது; மிசிசாகா முதலில் மறுத்து, 2023இல் ஒப்புக்கொண்டது. கடை இல்லாத நகரில் வைத்திருப்பது குற்றமாகிவிடாது. ஆனால் கடைக்கு உரிமமே தராத ஒரு நகரின் தெருவில் "டிஸ்பென்சரி" (கஞ்சா விற்கும் கடை) என்ற பலகை தொங்கினால் அது கள்ளக்கடை. அந்தத் தகவல் ஒன்றே பாதிச் சோதனையை முடித்துவிடும்.

சட்டத்தைத் தேட மூன்று இடங்கள் போதும். முதலாவது, விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசுத் துறையின் இணையதளம். கனடாவில் பொருளின் தரம், அளவு வரம்பு போன்றவை மத்திய அரசின் ஹெல்த் கனடா பக்கத்தில் இருக்கும்; வயதும் கடையும் மாகாண அரசின் பக்கத்தில். கலிஃபோர்னியாவில் டிபார்ட்மென்ட் ஆஃப் கனாபிஸ் கன்ட்ரோல், நியூ யார்க்கில் ஆஃபீஸ் ஆஃப் கனாபிஸ் மேனேஜ்மென்ட். இரண்டாவது, சட்டத்தின் மூலப் பிரதி. அதில் வரையறைப் பகுதியையும் இறுதியில் வரும் அட்டவணைகளையும் மட்டும் படித்தாலும் நிறையத் தெளியும். மூன்றாவது, நகராட்சியின் விதித் தொகுப்பு. கடைகளின் விளம்பரப் பக்கம், பயண வழிகாட்டி, பழைய செய்தி இவற்றைத் தொடக்கத்துக்குப் பயன்படுத்தலாம், முடிவுக்குக் கூடாது.

தேதியைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது, ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் பூவைக் கட்டுப்படுத்தப்பட்ட மூலிகையாக்கி, மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகள் இன்னமும் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. சட்டம் நிறைவேறிய நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் வேறாக இருப்பதையும் கவனியுங்கள். ஜெர்மனியில் கைவசம் வைத்திருக்க அனுமதி 2024 ஏப்ரல் 1 அன்று வந்தது, வளர்ப்புச் சங்கங்களுக்கான விதி ஜூலை 1 அன்றுதான்.

வயதும் அளவும்

அமெரிக்காவில் அனுமதித்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் 21 வயது. கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் 19, ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 2020 ஜனவரி முதல் 21. ஒட்டாவாவில் வாங்கத் தகுதியுள்ள 20 வயதுக்காரர் பாலத்தைக் கடந்து கியூபெக்கிலுள்ள கட்டினோவுக்குப் போனால் அங்கே தகுதியற்றவர்.

அளவு வரம்பில்தான் கணக்குப் பிழைகள் அதிகம். வரம்பு உலர்ந்த பூவின் எடையில் சொல்லப்பட்டிருக்கும். நீங்கள் வாங்குவது மிட்டாயாகவோ எண்ணெயாகவோ இருக்கும். கனடாவில் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா அல்லது அதற்கு ஈடானது வரை வைத்திருக்கலாம். ஈடு இப்படி: ஒரு கிராம் உலர்ந்த பூவுக்கு 5 கிராம் பச்சைப் பூ, 15 கிராம் உண்ணும் பொருள், கால் கிராம் செறிவுப்பொருள் (கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய், பிசின் போன்றவை), ஒரு விதை. உண்ணும் பொருளின் எடை என்றால் சாக்லேட்டையும் சேர்த்த முழு எடை. செறிவுப்பொருளின் ஒரு கிராம் நான்கு கிராம் பூவாகக் கணக்காகும்.

ஆக 20 கிராம் பூவும், மொத்தம் 60 கிராம் எடையுள்ள கம்மி மிட்டாய்ப் பொட்டலங்களும், ஆவியாக்கி இழுக்கும் கஞ்சா எண்ணெய் ஒரு கிராம் உள்ள வேப் கார்ட்ரிட்ஜும் பையில் இருந்தால்: 20, அதனுடன் 4, இன்னொரு 4. மொத்தம் 28. இன்னொரு கார்ட்ரிட்ஜ் சேர்த்தால் 32 ஆகி வரம்பு மீறிவிடும். கடைக்காரர் ஒரே பில்லில் 30ஐத் தாண்ட விடமாட்டார். ஆனால் நேற்று வாங்கியது பையில் மீதமிருப்பது அவருக்குத் தெரியாது. கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. கனடாவின் பெட்டிகளில் இந்த ஈட்டு எடை அச்சிடப்பட்டிருக்கலாம், தேடிப் பாருங்கள்.

மற்ற இடங்களில் முறை வேறு. கலிஃபோர்னியா 28.5 கிராம் பூவும் 8 கிராம் செறிவுப்பொருளும் என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. நியூ யார்க் மூன்று அவுன்ஸ் பூ, 24 கிராம் செறிவுப்பொருள் வரை போகிறது. இல்லினாய்ஸில் அந்த மாநிலத்தவருக்கு 30 கிராம், வெளியாருக்கு அதில் பாதி. ஜெர்மனியில் வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி. மால்டாவில் வெளியே 7 கிராம்தான். ஒரு அவுன்ஸ் என்பது 28.35 கிராம், கடையில் "எய்த்" (அதில் எட்டில் ஒரு பங்கு) என்று கேட்டால் 3.5 கிராம் தருவார்கள்.

உங்களுக்கு விற்பார்களா

வட அமெரிக்காவில் வயது நிரம்பிய வெளிநாட்டவரும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். மற்ற பல நாடுகளில் அப்படியில்லை. சுற்றுலா வந்தவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜெர்மனியில் 2024 சட்டம் கடை விற்பனையைத் தரவில்லை. வளர்ப்புச் சங்கத்தில் உறுப்பினராகி, அது வளர்த்ததில் உங்கள் பங்கைப் பெறலாம். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஜெர்மனியில் வசித்திருக்க வேண்டும், உறுப்பினர் காலம் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது, ஒருவர் ஒரு சங்கத்தில்தான் சேரலாம். நாளொன்றுக்கு 25 கிராம், மாதம் 50 கிராம் வரை. 18 முதல் 21 வயதுக்குட்பட்டோருக்கு மாதம் 30 கிராம், அதுவும் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 10 சதவீதத்தைத் தாண்டாதது. சங்க வளாகத்தில் வைத்தே புகைக்க முடியாது.

உருகுவேதான் இதில் முன்னோடி, 2013 டிசம்பரில் சட்டம் கொண்டுவந்தது. வீட்டில் வளர்ப்பது, சங்கம், மருந்துக்கடை என்று மூன்று வழிகள். ஒருவர் ஏதேனும் ஒன்றில் மட்டும் பதிவு செய்யலாம். மருந்துக்கடையில் வாரம் 10 கிராம், மாதம் 40 கிராம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே என்று வகுத்த சட்டம் அது.

நெதர்லாந்தைப் பற்றிய தவறான நம்பிக்கை ஊன்றிப்போனது. அங்கே சட்டபூர்வம் இல்லை, காஃபி ஷாப்பில் 5 கிராம் வரை விற்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லையோர நகரங்கள் சிலவற்றில், மாஸ்ட்ரிக்ட் போல, நெதர்லாந்தில் வசிப்பவருக்கு மட்டும் என்ற விதி அமலில் உண்டு. தெருவில் வந்து விற்பவரிடம் வாங்கினால் இந்தப் பொறுமை உங்களுக்குக் கிடைக்காது.

கடை உண்மையானதா

உரிமமற்ற கடைகள் அழகாகவே இருக்கும். விளக்கு, கண்ணாடிப் பெட்டி, சீருடை, லேப் ரிப்போர்ட் என்று சுவரில் ஒட்டிய தாள், எல்லாம் இருக்கும். தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, உரிம எண்ணை வைத்துத்தான் முடியும்.

போவதற்கு முன்பே ஒழுங்குமுறைத் துறையின் தளத்தில் உரிமம் தேடும் பக்கத்தைத் திறந்து, கடையின் பெயரை விட முகவரியை இட்டுத் தேடுங்கள். பெயரைத் திருடலாம், முகவரியைத் திருடுவது கடினம். உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, இடைநிறுத்தமா என்று நிலையைப் பாருங்கள். சில்லறை உரிமம்தானா என்றும் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் கடைக்கான உரிம எண் சி10 என்று தொடங்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கு மட்டுமான உரிமம் சி9, வளர்ப்பு முதல் விற்பனை வரை ஒரே இடத்தில் நடத்தும் சிறு நிறுவனம் சி12. வளர்ப்பு உரிமம் மட்டும் உள்ளவர் உங்களுக்கு நேரடியாக விற்க முடியாது. நியூ யார்க்கில் உரிமம் பெற்ற கடை வாசலருகே சரிபார்ப்புப் பலகை ஒன்று இருக்க வேண்டும். அதிலுள்ள கியூஆர் கோடு அரசுத் தளத்துக்குப் போகிறதா என்று முகவரிப் பட்டையைப் பாருங்கள், வேறெங்கோ போனால் திரும்பிவிடுங்கள். கியூபெக்கில் எஸ்கியூடிசி என்ற அரசுக் கடை மட்டும்தான். ஒன்டாரியோவில் இணையத்தில் ஒன்டாரியோ கனாபிஸ் ஸ்டோரும், உரிமம் பெற்ற தனியார் கடைகளும்.

பொருளிலேயே தெரியும் அடையாளங்களும் உண்டு. கனடாவில் பெட்டியில் வரி முத்திரை, டிஎச்சி என்ற எழுத்தும் இலையும் உள்ள சிவப்பு எண்கோணக் குறி, மஞ்சள் பின்னணியில் உடல்நல எச்சரிக்கை இருக்கும். கலிஃபோர்னியாவில் ஆச்சரியக்குறியும் இலையும் கொண்ட முக்கோணம், கீழே அந்த மாநிலத்தின் இரண்டெழுத்து. பொட்டலத்தைக் கண்முன் பிரித்து எடை போட்டுக் கொடுப்பது, வயது கேட்காதது, வரியே இல்லாத விலை, பிரபல மிட்டாய் போலவே வடிவமைத்த உறை, ஒரு கம்மியில் 500 மில்லிகிராம் என்ற வாசகம், பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

இந்த எச்சரிக்கை சட்டத்துக்காக மட்டும் அல்ல. 2019இல் அமெரிக்காவில் வேப் புகைத்தவர்களின் நுரையீரல் திடீரென்று பழுதானது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவானது. இறந்தவர்கள் 68 பேர். கள்ளச் சந்தைக் கார்ட்ரிட்ஜ்களில் எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் விற்கும் டெல்ட்டா-8 வகைப் பொருள்களும் வேறு கணக்கு. 2018 வேளாண் சட்டம் சணல் (ஹெம்ப்) என்னும் டிஎச்சி குறைந்த வகைக் கஞ்சாவுக்குத் தந்த இடைவெளியில் வந்தவை அவை, மாநிலக் கஞ்சாக் கடைப் பொருளுக்குரிய சோதனை பல இடங்களில் அவற்றுக்குக் கிடையாது. அந்த இடைவெளியை மூடும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 நவம்பரில் நிறைவேற்றியது.

கடைக்குள்

காலாவதியாகாத, புகைப்படமுள்ள அசல் அடையாள அட்டை வேண்டும். போனில் எடுத்த படம் செல்லாது. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டே கொண்டுபோவது நல்லது, வேறு நாட்டு ஓட்டுநர் உரிமத்தை வாசிக்கத் தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள். சில கடைகளில் அட்டையை ஸ்கேன் செய்வார்கள். வயது பார்க்க மட்டுமா, சேமித்து வைக்கிறீர்களா என்று கேளுங்கள். விசுவாச அட்டைத் திட்டத்தில் பெயரும் எண்ணும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கனடாவின் தனியுரிமை ஆணையர் அலுவலகமே 2018இல் தனிப்பட்ட விவரங்களைக் குறைவாகக் கொடுங்கள், அட்டைப் பணம் பற்றிக் கவலையிருந்தால் ரொக்கமாகக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. அடிக்கடி நாடு கடப்பவர்களுக்கு இது நல்ல யோசனை.

அமெரிக்கக் கடைகளில் கிரெடிட் கார்டு பெரும்பாலும் எடுக்காது. மத்தியச் சட்டம் காரணமாக அட்டை நிறுவனங்கள் விலகியே இருக்கின்றன. ரொக்கம் கொண்டுபோங்கள், அலமாரியில் போட்ட விலையின் மேல் வரிகள் ஏறும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே.

வேறொருவருக்காக வாங்கித் தருவதில் கவனம். வயது வந்த நண்பருக்குக் காசு வாங்காமல் வரம்புக்குள் பகிரப் பல இடங்களில் அனுமதி உண்டு. காசு வாங்கினால் அது விற்பனை. வயது குறைந்தவருக்குக் கொடுத்தால் கனடாவில் 14 ஆண்டு வரை சிறை.

லேபிளை வாசிப்பது

பூவின் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சிஏ என்ற அமிலம். சூடு பட்டால் அது டிஎச்சியாக மாறும், மாறும்போது எடை குறையும். கணக்கு: டிஎச்சிஏ அளவை 0.877ஆல் பெருக்கி, ஏற்கெனவே இருக்கும் டிஎச்சியைக் கூட்டுங்கள். 22 சதவீதம் டிஎச்சிஏ, 1 சதவீதம் டிஎச்சி என்றால் மொத்தம் ஏறக்குறைய 20.3 சதவீதம். அதில் சுற்றிய அரை கிராம் சுருட்டில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் டிஎச்சி இருக்கிறது. கனடாவில் கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். "டிஎச்சி 8, மொத்த டிஎச்சி 200" என்றிருந்தால் முதல் எண்ணைப் பார்த்து மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டாவதுதான் புகைக்கும்போது வருவது. 200 என்பது 20 சதவீதம்.

அதிக சதவீதம் நல்ல சரக்கு என்பது கடைகள் வளர்த்த பழக்கம். வாங்குபவர் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதால், கூடுதல் எண் தரும் ஆய்வகத்தைத் தேடிப்போகும் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். பொட்டலமிட்ட தேதி அதைவிடப் பயனுள்ள தகவல். ஆறு மாதம் தாண்டிய பூ காய்ந்து மணம் இழந்திருக்கும்.

லேப் ரிப்போர்ட்டைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்). பெட்டியிலுள்ளதோடு பொருந்தாவிட்டால் அந்த அறிக்கை வேறு சரக்குக்கானது. பிறகு பூச்சிக்கொல்லி, கன உலோகம், பூஞ்சை மற்றும் அதன் நச்சு, செறிவுப்பொருளென்றால் கரைப்பான் மிச்சம். டிஎச்சி சதவீதம் மட்டும் உள்ள அறிக்கை முழுமையானது அல்ல.

உண்ணும் பொருளில் எண்களை இருமுறை வாசியுங்கள். கனடாவில் ஒரு பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம்தான் உச்சம். கலிஃபோர்னியாவில் ஒரு துண்டுக்கு 10, ஒரு பொட்டலத்துக்கு 100. கனடாவில் பழகியவர் அங்கே போய்ப் பொட்டலம் முழுவதும் தின்றால் பத்து மடங்கு உள்ளே போகும். புதியவருக்கு 2.5 மில்லிகிராம் போதும். உண்டது வேலைசெய்ய 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும், முழு வீச்சுக்கு 4 மணி வரை ஆகலாம், 12 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு மணி நேரம் கழித்து "ஒன்றுமே ஆகவில்லை" என்று இன்னொன்று போடுவதுதான் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும் வழக்கமான தவறு. மதுவோடு சேர்க்காதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

காரில், வீட்டில், வெளியில்

காரில் போகும்போது பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்கட்டும், பிரித்திருந்தால் டிக்கியில் பூட்டி வையுங்கள். கலிஃபோர்னியாவில் பிரித்த பொட்டலம் ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே தண்டனைக்குரியது. ஒன்டாரியோவிலும் எளிதில் எட்டாதபடி மூடி வைக்க வேண்டும். ரசீதை எறியாதீர்கள், எங்கே வாங்கியது என்பதற்கு அதுதான் சான்று.

ஓட்டுவதற்கான வரம்புகள் மிகச் சிறியவை. கனடாவில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம், 5 என்றால் தண்டனை கூடும், மதுவும் சேர்ந்திருந்தால் 2.5இலேயே கடுமை. வாஷிங்டன் மாநிலத்தில் 5. ஜெர்மனியில் 2024 ஆகஸ்ட் முதல் ரத்தச் சீரத்தில் 3.5, 21 வயதுக்குட்பட்டவருக்கும் புதிதாக உரிமம் பெற்றவருக்கும் துளியும் கூடாது. மதுவைப் போல "இத்தனை மணி நேரத்தில் இறங்கிவிடும்" என்று டிஎச்சிக்குக் கணக்குப் போட முடியாது. அடிக்கடி எடுப்பவரின் ரத்தத்தில், போதை தெளிந்த பிறகும் வரம்புக்கு மேல் மிஞ்சியிருக்கலாம். அன்றைக்குக் காரே எடுக்காத திட்டத்தோடு தொடங்குவதுதான் வழி.

எங்கே புகைப்பது என்பதற்கு நியூ யார்க்கில் புகையிலைக்கு அனுமதியுள்ள இடமெல்லாம் என்பது பதில். கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் பொது இடத்தில் கூடாது. ஜெர்மனியில் பள்ளி, விளையாட்டுத் திடல் இவற்றின் வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் கண்ணில் படும்படி கூடாது, வாகனம் ஓடாத, நடந்து மட்டும் போகும் கடைவீதிகளில் காலை 7 முதல் இரவு 8 வரை கூடாது. வாடகை வீட்டில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். புகைக்கத் தடை என்றிருந்தால் கஞ்சாவுக்கும் அது பொருந்தும். விடுதிகளில் அறையைச் சுத்தம் செய்யக் கணிசமான தொகையைப் பிடித்துக்கொள்வார்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுள்ள பெட்டி கட்டாயம். கம்மியைக் குழந்தை மிட்டாய் என்றுதான் நினைக்கும். தின்றுவிட்டால் காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள், எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல உறையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லை, விசா, குடியுரிமை

இந்தப் பகுதி நம்மவர்களுக்கு மிக முக்கியம். சிறு அலட்சியம் பல ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிடும்.

எந்த நாட்டு எல்லையையும் கஞ்சாவோடு கடக்காதீர்கள். கனடாவும் நியூ யார்க்கும் அனுமதித்தாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் அது கடத்தல். ஒரு கம்மியும், டிஎச்சி கலந்த தைலமும்கூடத்தான். அமெரிக்காவுக்குள்ளேயே, அனுமதியுள்ள ஒரு மாநிலத்திலிருந்து அனுமதியுள்ள இன்னொன்றுக்கு எடுத்துப்போவதும் மத்தியச் சட்டப்படி குற்றம். கனடாவுக்குள் உள்நாட்டு விமானத்தில் 30 கிராம் வரை எடுத்துப்போகலாம். ஆனால் வானிலை காரணமாக விமானம் அமெரிக்காவில் இறங்க நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையது.

அமெரிக்காவில் எச்-1பி, மாணவர் விசா, கிரீன் கார்டு என எதில் இருந்தாலும், குடியுரிமை பெறாதவர் கடையில் சட்டப்படி வாங்கினாலும் மத்தியக் குடிவரவுச் சட்டம் அதை ஏற்காது. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை, பயன்படுத்தினேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதே நுழைவு மறுப்புக்குப் போதுமான காரணமாகலாம். 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்கிறது. குடியுரிமை கிடைக்கும் வரை தொடாமல் இருப்பதுதான் சரி. ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், விண்ணப்பத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பொய் சொல்வது தனிக் குற்றம். போனில் படங்கள், கடை ரசீது மின்னஞ்சல் இருப்பதையும் எல்லையில் பார்க்கலாம்.

கனடாவில் பிஆர் (நிரந்தரவாச உரிமை) வைத்திருப்பவருக்கு ஆபத்து கார் ஓட்டுவதில் இருக்கிறது. 2018 டிசம்பர் முதல் போதையில் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டாக உயர்ந்ததால் அது தீவிரக் குற்ற வகையில் சேர்ந்துவிட்டது. அபராதம் மட்டுமே விதித்தாலும் நிரந்தரவாச உரிமை கேள்விக்குள்ளாகும்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எங்கே புகைத்தாலும், சிங்கப்பூரில் புகைத்ததாகவே அந்நாட்டுச் சட்டம் பார்க்கிறது. போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 8ஏ பிரிவு அது. திரும்பி வரும்போது சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால் 10 ஆண்டு வரை சிறை. அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தலுக்கு மரண தண்டனை. மலேசியாவில் 200 கிராம் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிப்பார்கள். வளைகுடா நாடுகளில் விமானம் மாறும்போது பையில் மீதமிருக்கும் துகளும் சிக்கலைத் தரும், அரைக்கும் கருவியையும் வேப் பேனாவையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

வேலை விஷயத்தில், சட்டம் அனுமதித்தாலும் சிறுநீர்ச் சோதனையில் தோற்றால் வேலை போகலாம். அமெரிக்காவில் லாரி, விமானம், ரயில் போன்ற போக்குவரத்துப் பணிகளில் மத்திய விதியே செல்லும். தினமும் எடுப்பவருக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தடயம் இருக்கும்.

இந்தியாவில்

வயது வந்தோர் கடையில் கஞ்சா வாங்க இந்தியாவில் வழி இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், என்டிபிஎஸ், பூவும் காயும் கொண்ட நுனியை கஞ்சா என்றும் பிசினை சரஸ் என்றும் வரையறுத்து இரண்டையும் தடுக்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே இருப்பதால்தான் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் உரிமம் பெற்ற கடைகள் இருக்கின்றன. அது மாநில ஆயத்தீர்வைச் சட்டம் தரும் அனுமதி. அங்கே வாங்கியதை ரயிலில் வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்தால் அந்த உரிமம் உங்களைக் காக்காது. பொட்டலத்தில் பூவின் துண்டு கலந்திருந்தால் என்டிபிஎஸ் வழக்காகிவிடும்.

"ஒரு கிலோ வரை பரவாயில்லை" என்று பலர் நம்புவது முற்றிலும் தவறு. ஒரு கிலோ என்பது கஞ்சாவுக்குச் சட்டம் சொல்லும் சிறு அளவு. தண்டனையைக் குறைக்கும் கோடு, அனுமதிக்கும் கோடு இல்லை. அதற்குள் இருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டு வரை. அதற்கு மேல் குறைந்தது 10, அதிகபட்சம் 20 ஆண்டு. பயன்படுத்துவதே 27ஆம் பிரிவில் தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. போதைக்கு அடிமையானவர் சிகிச்சைக்குத் தாமே முன்வந்தால் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. அது தேவைப்படும் குடும்பங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டிலிருந்து கம்மியோ, கஞ்சாவிலுள்ள போதை தராத பொருளான சிபிடி எண்ணெயோ தபாலில் வரவழைக்காதீர்கள். அங்கே அது கடையில் கிடைப்பது இங்கே சுங்க அதிகாரியிடம் வாதமாகாது. சணல் வகைக் கஞ்சாவின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021இல் அனுமதித்தது. அந்தப் பொருள் என்றால் உறையில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா, விதையிலிருந்து எடுத்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இலைச்சாறு கலந்த ஆயுர்வேத மருந்துகள் விஜயா என்ற பெயரில் வருகின்றன. அவற்றுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும், பயணத்தில் சீட்டும் ரசீதும் மருந்துப் பெட்டியோடே இருக்கட்டும்.